கோவிந்தம்மாவின் மழை உரிமம்

அந்தக் காலத்து மொரீஷியஸில் வித்தை தெரிந்தால் மட்டும் போதாது, அதற்கு உரிமமும் வேண்டும். மோகாவில் இருந்த வித்தை அலுவலகத்தில் ஆட்களை வகை பிரித்து எழுதிக்கொண்டார்கள். காற்றைக் கயிற்றில் முடிந்து வைப்பவர்கள் ஒரு வகை. நிழலை மடித்து எடுத்துப்போய் வேறு இடத்தில் விரிப்பவர்கள் இன்னொரு வகை. மூச்சை நிறைத்துச் சொன்ன பொருளை வரவழைக்கும் சொல்காரர்கள் மூன்றாம் வகை; தமிழர்கள் பெரும்பாலும் இதில்தான். அதிலும் ஆளுக்கு ஒரே சொல். உரிமத்தில் எழுதியிருப்பதை விட்டு வேறெதையாவது வரவழைத்தால் உரிமம் போகும், தோட்டத்து வேலை போகும், வேலையோடு ஒட்டிய வீடும் போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு ஒரு வித்தையும் தெரியாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சேன் பியேர் கரும்புத் தோட்டத்தில் கோவிந்தம்மா மழைக்காரி. பதினோரு வருட வேலை. பதினோரு வருடமும் ஒரே உண்மையை அவள் மறைத்து வைத்திருந்தாள். அவளுக்கு மழையை அழைக்க வராது.

வீட்டில் தீவு மொழியான கிரியோல் பேசி வளர்ந்த நாக்கு அது. தமிழ் என்றால் கோயில் பாட்டில் காதால் பொறுக்கியதுதான். எழுத்தும் படிக்க வராது. மோகாவில் சொல்லை வாயால் சொல்லிக் காட்டி உரிமம் வாங்கிவிட்டாள். அந்த வாரமே ஆசையாகக் கொல்லையில் நின்று, நெஞ்சு நிறைய மூச்செடுத்து மழையை அழைத்தாள். ஒரு துளி விழவில்லை. கத்தரிச் செடிகளை நசுக்கிக்கொண்டு, பசுமாடு அளவுக்கு ஒரு கருங்கல் குன்று தரையிலிருந்து எழுந்தது.

இந்தியாவிலிருந்து வந்திருந்த குருக்களிடம் ஓடினாள். அவர் அவளை நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க சொல்றது மலைம்மா. மழை வேற."

"ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது, சாமி?"

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார்; அவள் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அடுத்த கப்பலில் அவரும் ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு கோவிந்தம்மா வானம் கறுத்த பிறகே வெளியே வந்து, உதட்டை மட்டும் அசைத்து நிற்பாள். சேன் பியேரில் மழைக்குப் பஞ்சமில்லை, அதனால் பிழைப்பு ஓடியது.

ஐம்பத்தெட்டாம் வருடம் மழை பொய்த்தது. நவம்பர் மாதம், நண்பகல் வெயிலில் கரும்பு பற்றிக்கொண்டது. காற்று தொழிலாளர் வீடுகளைப் பார்த்து வீசியது. காற்று முடிபவரான ரோபெர் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மூன்று முடிச்சுப் போட்டார். இரண்டு அவிழ்ந்துவிட்டன. மூன்றாவதைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தவர், அதைக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"ஆலே, வாங்க மாதாம், மழையக் கூப்பிடுங்க. இது தாங்காது."

நாற்பது வீட்டு ஜனமும் அவளைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் இன்று யாரும் கேட்கமாட்டார்கள், வித்தை பலிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அவள் வீடும் போகும். ஆனால் மழை வராவிட்டாலும் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். தீக்கும் வீடுகளுக்கும் நடுவே போய் நின்று, கொல்லையில் எடுத்ததைவிடப் பெரிய மூச்சாக எடுத்து அழைத்தாள்.

தரை அதிர்ந்தது. பாதையிலிருந்து வாய்க்கால்வரை கருங்கல் கரை ஒன்று இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. தீ அதில் முட்டி, கொஞ்ச நேரம் சீறி, தின்ன எதுவும் இல்லாமல் அடங்கியது. ரோபெர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"மழைன்னுதானே சொன்னேன்?" என்றார் மெதுவாக.

மறுநாள் காலை மோகாவிலிருந்து அதிகாரி நாகலிங்கம் கோட்டு சூட்டோடு வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவளுக்கு உரிமம் எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். நிழல் மடிக்கும் ஊகெட், மாமரத்தடியிலிருந்து ஒரு நிழலைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்கு மேல் விரித்தாள். கோவிந்தம்மாவுக்கு நிழலிலும் வியர்த்தது. பாத்திரம் பண்டங்களை விடியும்போதே மூட்டை கட்டி வைத்திருந்தாள். பதினோரு வருடப் பொய் போதும், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று முடிவும் செய்திருந்தாள்.

சொல்காரர்களின் வாக்குமூலம் தமிழில்தான் இருக்கவேண்டும் என்பது விதி. நாகலிங்கத்தின் தமிழும் அவளுடையதைப் போலத்தான், கிரியோல் வாடையோடு இருந்தது.

"சொல்லுங்க மாதாம். எதுக்கு லைசென்ஸ், எது வந்துச்சு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, மழைக்கு உரிமம், வந்ததோ மலை என்று சொல்ல நினைத்தாள். நாக்கு தன் வேலையைச் செய்தது.

"மலைக்கு லைசென்ஸ், முஸ்யே. வந்தது மலை."

நாகலிங்கம் பதிவேட்டைப் புரட்டினார். தன் கையெழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுப் படித்தார். மறுபடி படித்தார். அவர் காது சிவந்தது. அன்று அவள் வாயிலிருந்து காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தார் மனிதர்.

"மலை," என்றார். "இங்கயும் அதான் இருக்கு. முதல்ல 'ம', அப்புறம் 'லை'. கோரெக், எல்லாம் சரி."

"தப்பு இல்லையா, முஸ்யே?"

"லைசென்ஸ்ல உள்ளது வந்திருக்கு. தப்பு எங்க இருக்கு?" பதிவேட்டைச் சட்டென்று மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மழைன்னு யாராவது கேட்டா, நீங்களும் பேசவேணாம், நானும் பேசமாட்டேன்."

கோவிந்தம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே பின்னாலிருந்த கருங்கல் கரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். பிறகு உள்ளே போய் மூட்டையை அவிழ்த்து, சட்டியை அடுப்பில் வைத்தாள்.