மணிக்காரி சாகாத எட்டுப் பாகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லலாம். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். இது என் அக்காவிடம் நான் சொன்ன பொய். சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது தலை பாதி நரைத்துவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஒரே நூலைப் படிக்கும் வாசகர்கள் வெவ்வேறு நூல்களையே' — கட்டுரை வாடை அடித்ததால் நிறுத்திவிட்டேன். அடுத்து: 'பனி மூடிய சதுப்பு நிலத்தில், கையில் மணியோடு ஒரு சிறுமி' — இது என் நடையே இல்லை. மூன்றாவதாக, 'தம்பி ஒருவன் இருந்தான்' என்று யாரோ ஒருவனைப் போல எழுதினேன். அந்தத் தம்பி நான்தான் என்பதைக் கடைசியில் சொல்லி உங்களை அசத்துவதாகத் திட்டம். எதற்கு அந்த வித்தையெல்லாம்? நான்தான்.

2

எட்டுப் பாகம் என்றே எல்லோரும் சொல்லும் அந்த நீண்ட நாவலைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். ஒரு ராஜா, தொலைத்த நாட்டை மீட்கப் படையோடு போகிறான். எட்டுப் பாகமும் போகிறான். [அவ்வளவுதானா என்று ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.] படைக்கு முன்னால் எட்டு வயதுச் சிறுமி மணி அடித்துக்கொண்டே நடக்கிறாள். சேற்றில் எங்கே கால் வைக்கலாம் என்பது அவளுக்குத்தான் தெரியும். மணிச் சத்தம் போகும் வழியே படை போகும். புத்தகத்தில் அவளுக்கு வாயில் நுழையாத பெயர். படித்தவர்களுக்கெல்லாம் அவள் மணிக்காரி.

நாலாம் பாகத்தின் முடிவில் அவள் சேற்றில் மூழ்கி இறந்துபோகிறாள்.

3

அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், உட்கார்ந்து படிக்கத்தான் பொறுமை கிடையாது. மதியத்தில் நான் சத்தம் போட்டுப் படிப்பேன், அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். அப்படித்தான் மூன்று பாகங்கள் முடிந்தன.

நாலாம் பாகம் பாதியில் இருந்தபோது அக்காவுக்கு ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்து நாள் அக்கா யாரோடும் பேசவில்லை. மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "எதையாவது படிச்சுக் காட்டுடா. நான் பேசினா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறா," என்றார்.

படித்தேன். மணிக்காரியின் கால் சேற்றில் இறங்கும் இடம் வந்தது. அடுத்த வரியை என் கண் பார்த்துவிட்டது, வாய் படிக்க மறுத்தது. 'ராஜா குதிரையிலிருந்து குதித்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்' என்று படித்தேன். அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது.

"அப்பாடா," என்றாள் அக்கா. பத்து நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

4

ஒருத்தியைப் பிழைக்க வைத்துவிட்டால் அப்புறம் அவளுக்குச் சோறு போட வேண்டும், துணி எடுத்துக் கொடுக்க வேண்டும், வளர்க்க வேண்டும். மீதி நாலு பாகங்களிலும் ராஜா அவளை நினைத்து அழுதுகொண்டே இருக்கிறான். அந்த அழுகையை எல்லாம் விழுங்கிவிட்டு, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நானாக இட்டுக்கட்டினேன். நான் எழுத்தாளன் ஆனது இப்படித்தான். [பேட்டிகளில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன். அதை நம்ப வேண்டாம்.]

எட்டாம் பாகத்தில் மணிக்காரி வளர்ந்து படைக்குக் கூடாரம் தைக்கிறாள். "என்ன தையல் போடறா?" என்று அக்கா கேட்டாள். அவசரத்தில் "ஒத்தத் தையல்," என்றேன்.

"கூடாரத்துக்கா? ஒரு மழைக்குத் தாங்காது. இதை எழுதின ஆளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது."

எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

அக்காவுக்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மணிக்காரியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம்.

5

போன சனிக்கிழமை நூலகத்து மாடியில் எட்டுப் பாகம் பற்றி வாசகர் கூட்டம். மருந்துக்கடைக்காரம்மா சட்டை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், "நீங்களும் வாங்க," என்று அக்காவை அழைத்துவிட்டார். நான் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு வாத்தியார்தான் தொடங்கினார். [இந்தக் கணக்கு வாத்தியாரை நீங்கள் முழுதாக நம்ப வேண்டாம். நிஜத்தில் அவர் அறிவியல் வாத்தியார். கணக்கு என்றால் அந்தக் குரலுக்குப் பொருந்துகிறது.] "முதல் மூணு பாகம் வெறும் நடை. மணிக்காரி சாகுற எடத்துலதான் கதை கதையாகுது."

"அந்த எடத்துல மூடி வெச்சவன் நான். இன்னிக்கு வரைக்கும் அஞ்சாம் பாகத்தத் தொடல. சின்னப் புள்ளையக் கொன்னுட்டு என்னங்க பெரிய காவியம்?" என்றார் பஸ் டிரைவர்.

"அவ போகலைன்னா அந்த ராஜா திருந்தியிருப்பானா?" என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

அக்கா எழுந்தாள். "ஒரு நிமிஷம். அவ எங்க செத்தா?"

சிலர் சிரித்தார்கள். வாத்தியார், "அம்மா, நீங்க படிச்சது எந்தப் பதிப்பு?" என்று கேட்டார்.

"நான் படிக்கல. என் தம்பி படிச்சுக் காட்டினான். அதோ உக்காந்திருக்கான் பாருங்க, எழுத்தாளர். ஒரு எழுத்தைக்கூட விட மாட்டான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் டிரைவர் படிக்கட்டில் அக்காவை நிறுத்தி, "அஞ்சாம் பாகத்துல அவ என்னம்மா பண்றா?" என்று கேட்டார். அக்கா அரைமணி நேரம் சொன்னாள். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமையாக இருந்ததை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்: "அடுத்த சனிக்கிழமைக்குள்ள நாலாம் பாகத்த எடுத்துட்டு வா. அந்த வாத்தியார் மூஞ்சிக்கு நேரா பக்கத்தத் தொறந்து காட்டணும்."

6

முடிவுகள்.

ஒன்று: அக்கா சிரித்துக்கொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும்டா," என்கிறாள். கண்ணீர், அணைப்பு. எழுதிவிட்டு அடித்தேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. அவளுக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை.

இரண்டு: நான் ஒரு பொய்ப் பக்கத்தை அச்சடித்து நாலாம் பாகத்தில் ஒட்டிவிடுகிறேன். இது கற்பனை என்று நினைக்காதீர்கள். பழுப்புத் தாள் வாங்கியாகிவிட்டது. எழுத்தின் அளவைக்கூட ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிறகு, சனிக்கிழமை மற்ற ஒன்பது பேரும் தத்தம் பிரதியோடு வருவார்கள் என்பது உறைத்தது.

மூன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இரண்டாம் முறையாக ஒரு பெண் — இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

7

வெள்ளிக்கிழமை மதியம். நாலாம் பாகத்தைக் கடைக்கு எடுத்துப்போய், வெட்டும் மேசைமேல் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"நீயே படிச்சுப் பாரு, அக்கா."

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "என்னிக்குடா நானா படிச்சிருக்கேன்? நீயே படி."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

படிக்கத் தொடங்கினேன். பனி, சேறு, மணிச் சத்தம், பின்னால் படை. உள்ளதை உள்ளபடியே பதினேழு வரிகள் படித்தேன். மணிக்காரியின் கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது.

[படித்துக்கொண்டே இதை எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.]

இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்துதானே படித்துக்கொண்டிருந்தீர்கள்? புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அதில் இருப்பதும் உங்களுக்குத் தெரியும், நான் அன்று படித்ததும் தெரியும். பதினெட்டாம் வரி, என் விரல் இருக்கும் இடம். அக்கா காத்திருக்கிறாள். கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.