கூடைக்காரி ஏன் இறங்கவில்லை?

படகு அக்கரையைத் தொட்டு நின்றது. அதில் கூடையோடு நின்ற பொம்மைப் பெண் மட்டும் இறங்குவதாகத் தெரியவில்லை. திரைக்கு முன்னால் வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்த பெயின்டருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

ஏணி மேல் நின்று ஊர்ப்பட்ட சுவர்களுக்கு வண்ணம் அடித்த கை அது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து இடுப்புக்கு மேலே எழவே முரண்டு பிடித்தது. மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா நச்சரித்ததால், கணினி விளையாட்டுகள் எழுதிப் பிழைக்கும் அவளுடைய தங்கை இதை எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கையைத் தோள் உயரம் தூக்கி நான்கு நொடி வைத்திருந்தால் படகு ஆற்றைக் கடக்கும், கூடைக்காரி இறங்கிக் கையசைப்பாள். அவ்வளவுதான் விளையாட்டு.

பெயின்டர் மூன்று முறை தூக்கினார். மூன்று முறையும் படகு போனது. அந்த மகராசி அசையவில்லை.

"என் கைதான் சரியாத் தூக்கல போல," என்றார் அவர், கையை மடியில் போட்டபடி. "விட்டுடுங்கம்மா. இது தேறாத கை. நாளைலேர்ந்து நான் வரல."

அக்கா தங்கையைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"அண்ணா, கொஞ்ச நேரம் இருங்க. பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் வாலு.

"பொண்ணு கூட்டிட்டுப் போக வருவா. அதுவரைக்கும் இருக்கேன்."

ஊழியர்கள் உட்காரும் அறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பெண் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விதான் அவள் மண்டையைக் குடைந்தது. படகு கரையில் இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. படகு கரையில் இருந்தால் இறங்கு என்றுதானே எழுதியிருக்கிறோம்? போன வாரம் ஒழுங்காக இறங்கினாளே!

படகு நிற்கும் இடத்தை எண்ணாகக் காட்டச் சொன்னாள். கரை இருப்பது நூறில். படகு நின்றது தொண்ணூற்றொன்பதில், அதற்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு வரிசையாக ஒன்பதுகள். கண்ணுக்குக் கரை, கணக்குக்கு நடு ஆறு.

"இவ்ளோ தூரம் வந்தவ இன்னும் ஒரு மயிரிழை வந்தா என்னடி?" என்று திரையைத் திட்டினாள்.

அப்போது ஒரு நர்ஸ் வந்து மேசையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே நகக்கண் அளவுத் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பாதியாக உடைத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதைப் பத்திரமாக உள்ளேயே வைத்து மூடினாள்.

"அதையும் சாப்பிட வேண்டியதுதானே?"

"கடைசித் துண்டை எடுக்கறவங்கதான் டப்பா கழுவணும். இந்த ரூம்ல அதான் சட்டம். காலைலேர்ந்து எல்லாரும் பாதி பாதியா உடைக்கறோம். தீரவே மாட்டேங்குது!"

வாலு டப்பாவை வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

படகு விறைப்பாகப் போகிறதே, கரையை நெருங்கும்போது மெத்தென்று வேகம் குறையட்டுமே என்று நேற்று அழகுக்காக ஒரு வரியை மாற்றியிருந்தாள். இப்போது நிற்கும் இடத்திலிருந்து, மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு போ. அடுத்த கணம், அந்த மீதியில் பத்தில் ஒரு பங்கு. எப்போதும் கொஞ்சம் மீதி இருந்துகொண்டே இருக்கும். டப்பா எப்படிக் காலியாகும்?

அழகைத் தூக்கிக் கடாசினாள். கிளம்பிய இடத்தை ஒரே ஒரு முறை குறித்துக்கொள். சேரும் இடத்தையும் குறித்துக்கொள். மொத்தத் தூரத்தில் எவ்வளவு பங்கு போக வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லட்டும். இரண்டு நொடியில் சரிபாதி, நான்கு நொடியில் முழுசு. முழுசு என்றால் நூறு, கரை, இறங்கு. ஓட்டிப் பார்த்தாள். கூடைக்காரி இறங்கிக் கையசைத்தாள்.

வாலு அந்தப் பிஸ்கட் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "டப்பாவை நான் வந்து கழுவறேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பெயின்டர் ஏற்கனவே செருப்பை மாட்டியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை, அண்ணா."

வேண்டாவெறுப்பாகத் தூக்கினார். கை நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. படகு ஒரே சீராகப் போய்க் கரையில் நின்றது. கூடைக்காரி இறங்கினாள். கையசைத்தாள்.

அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப, முன்னாடி மூணு தடவை?"

"மூணு தடவையும் நீங்க கொண்டுபோய்ச் சேத்துட்டீங்க. தப்பு என் கணக்குல. உங்க கை ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது."

ஒரு வரி அழகுக்காக இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோமே என்று வாலுவுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் மகள் வந்து திரைக்குக் குறுக்கே நின்றாள். "போலாமாப்பா?"

பெயின்டரின் வலது கை மறுபடி தோள் உயரத்தில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார். "ஆள் இறங்கணும்."