வெறும் வயிற்றில் ஓடிய குதிரை

குடவாசல் பக்கத்தில் குதிரை வண்டிப் பந்தயம் என்றால் ஐயாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவர். தை மாத ஓட்டத்தில் அவருடைய பெண்குதிரை சிட்டுதான் முந்தும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அது கொள்ளுத் தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பல்லை நறநறவென்று கடிக்கத் தொடங்கியது. வயிற்றுப் பட்டையை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. விலா எலும்பு தெரிந்தது.

பூச்சி மருந்து கொடுத்தார். திருஷ்டி கழித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்கும் வாசலுக்குமாக அவர் அலைந்ததைப் பார்க்கச் சகிக்காமல், மனைவி வேம்புதான் கால்நடை மருத்துவர் பிரகதீஸ்வரிக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வந்ததும் முதலில் தீவனத்தைப் பற்றித்தான் விசாரித்தார். காலையும் மாலையும் கொள்ளு, தவிடு. இரவில் ஒரு பிடி வைக்கோல். உடம்பு லேசாக இருக்கட்டுமென்று ஓட்டத்துக்கு முன் பட்டினி. போதாததற்கு, கால் வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை வாரக்கணக்கில்.

“வயித்துப் புண்ணா இருக்கும்னு தோணுதுங்க,” என்றார் டாக்டர். “குதிரைக்குத் தின்னாலும் தின்னாட்டியும் அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும். காலி வயித்தோட ஓடுனா அது மேல தெறிச்சு அரிக்கும்.”

வயிற்றுக்குள் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் இந்த நிலையில் லாரியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம் என்றார். வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். விடிந்ததும் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் பசை, அதற்குப் பிறகுதான் தீவனம். கொள்ளைக் குறைத்து, பகலெல்லாம் வாய்க்கு எட்டும்படி புல்லும் குதிரை மசால் என்ற தீவனத் தழையும் போட வேண்டும். தை ஓட்டம் கூடவே கூடாது.

ஐயாவு தலையாட்டினார். மனசு ஆட்டவில்லை.

சில நாளிலேயே சிட்டு புல்லை ஆவலாக மென்றது. பல்லைக் கடிப்பதும் நின்றது. ஐயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு விடியலில் வேம்புவிடம் சொல்லாமல், மருந்தும் தீவனமும் கொடுக்காமல் வண்டியைப் பூட்டி வாய்க்கால் கரையில் விரட்டினார். போகும்போது பறந்தது. திரும்பும்போது நடுவழியில் நின்று, வியர்த்து, அப்படியே படுத்துப் புரண்டது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பூட்டை அவிழ்த்துவிட்டு டாக்டருக்கும் வீட்டுக்கும் போன் செய்தார்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, குடல் முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அவரைப் பார்த்தார். திட்டவில்லை.

“வலி குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். புண்ணு ஆறலைங்க.”

“நாந்தான் ஓட்டுனேன்,” என்றார் ஐயாவு, வேம்புவைப் பார்த்து. அவள் குதிரையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றே பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார். ஓட்டம் நடந்த நாளில் மைக் சத்தம் வயல் தாண்டி வந்தது. உட்கார முடியவில்லை. எழுந்து போய்ப் புல் அறுத்தார். அறுத்ததைப் போட்டுவிட்டு மறுபடியும் போனார். மாலைக்குள் சிட்டுவின் முன்னால் இடுப்புயரம் புல் குவிந்துவிட்டது. இத்தனை எதற்கு என்று வேம்பு கேட்டாள். அவருக்கே தெரியவில்லை.

மாசிக் கடைசியில் சிட்டுவைக் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறிய தழும்புகள்தான் இருந்தன. சித்திரையில் ஒரு சின்ன ஓட்டத்தில், கிளம்புமுன் குதிரை மசாலைத் தின்னக் கொடுத்துவிட்டு வண்டியைப் பூட்டினார். மூன்றாவதாக வந்தது. ஐயாவு கோப்பையைக்கூட வாங்கப் போகாமல், அது தண்ணீர் குடிக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.