ஓரம் விட்ட பாட்டு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கையோடு கௌஸ் முகைதீன் தன் கேசட் கடையின் ஷட்டரை உள்ளேயிருந்தே இழுத்து மூடினார். துபாய் தேராவில், நாயிஃப் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. கொசு ஒன்று உள்ளே வர வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற கொசு எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும், அவ்வளவு விசாலம். அதற்குள்தான் அன்று மூன்று ஓட்டல்களின் ரெக்கே குழுக்களும் டிரம்ஸ், கிடார், வியர்வை சகிதம் இறங்கியிருந்தன. கீபோர்டுக்காரன் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். டிரம்ஸ்காரனின் முழங்கை கழிவறைக்குள் இருந்தது.

ரெக்கே என்பது ஜமைக்காத் தீவின் இசை. முதல் அடியில் தூங்கிப்போய், ஐயோ என்று இரண்டாவது அடியில் விழித்துக்கொள்ளும். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டல்களில் அந்த வருஷங்களில் அதற்கு ஏக கிராக்கி. இந்த மூன்று குழுக்களுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு குழு லிஃப்டில் வந்தால் இன்னொரு குழு டிரம்ஸைத் தோளில் சுமந்துகொண்டு மொட்டைமாடிவரை படியேறிப் போகும். அப்படிப்பட்டவர்களை ஒரே சந்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவன் பாலா, மட்டக்களப்புக்காரன், பேஸ் கிடார் வாசிப்பவன். அவனுக்குக் கைகொடுத்தது புயல்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் டிசம்பர் அது. காரைக்கால் பக்கம் கரையேறிய புயல் கடற்கரை ஊர்களை வாரிச் சுருட்டிவிட்டுப் போயிருந்தது. பாலாவின் வீட்டுக் கூரை எழுபத்தெட்டுப் புயலில் பறந்தது. பாடகன் டெஸ்மண்டின் வீட்டுக் கூரை எண்பத்தெட்டில் ஜமைக்காவில் பறந்தது. இரண்டு கூரைகளும் இன்னும் தரையிறங்கவில்லை, ஜோடி போட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருகின்றன என்பது டெஸ்மண்டின் கட்சி. "கூரை போனவனுக்குக் கூரை போனவன் பாடாட்டி வேற ஆர் பாடுறது?" என்று பாலா ஓட்டல் ஓட்டலாகப் போய்க் கேட்டான். புயல் நிவாரணத்துக்கு ஒரு பாட்டு. கேசட் விற்று வருவது அத்தனையும் அந்தக் கரைக்குப் போகும். ரெக்கார்டிங் மெஷின் வைத்திருந்த ஒரே தெரிந்த ஆள் கௌஸ் முகைதீன். அவருடைய ஊரும் அந்தக் கரையில்தான் இருந்தது, நாகூருக்குப் பக்கத்தில். அவருடைய மனைவி மதீனா பீவியும் அங்கேதான் இருந்தாள்.

புயலுக்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பொதுத் தொலைபேசியில் பொத்தான்களை அமுக்கி அமுக்கி அவர் விரலின் ரேகையே அழிந்துவிட்டது. மறுமுனையில் யாரோ தண்ணீருக்குள் உட்கார்ந்து கொப்பளிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"லைன் அறுந்தா ஆக்கள் இல்லையெண்டு அர்த்தமில்ல அண்ணன்," என்றான் பாலா. "எங்கட ஊரில லைன் வர மாசக்கணக்கா எடுத்தது."

"எனக்குத் தெரியாதா தம்பி? அவ புயலயே நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிடுவா." கௌஸ் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் மூடாமல் அப்படியே இருந்தது.

மதீனா பீவி கடிதம் எழுதுகிறவள் இல்லை, பேசுகிறவள். டேப்ரிக்கார்டரில் பேசி, அந்த கேசட்டைத் துபாய் கிளம்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். அவர் கேட்டுவிட்டு, அதே கேசட்டில், அவள் பேச்சின் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். அவள் அதன் மேல் பேசுவாள். வளைகுடாவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் நடந்தன. ஒருவர் பேச்சை ஒருவர் அழித்து அழித்தே குடித்தனம். அந்த ஒற்றை கேசட், விமானம் ஓட்டுகிறவர்களைவிட அதிகம் கடல் தாண்டியிருக்கும். கல்யாணமான பத்து வருஷத்தில் மதீனா பீவியை அவர் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கேசட் வியாபாரியின் பெண்டாட்டி ஆர்டினரி டேப்பில் பேசலாமா? குரோம் டேப்தான், ஜப்பான் சரக்கு. புயலுக்கு முந்தின வாரம் வந்ததில் அவள் பேசியதெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றி. மல்லிகைக் கொடியைத் தின்றது, காயப்போட்ட துப்பட்டியைத் தின்றது, போகிற போக்கைப் பார்த்தால் வாசற்படியையும் தின்றுவிடும். "அந்தச் சனியன அறுத்து பிரியாணி போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும் மச்சான்."

டெஸ்மண்ட் முதலில் கடையிலிருந்த ஆர்டினரி டேப் ஒன்றில் பாடிப் பார்த்தான். நங்கூரக் கயிறு தடிமனில் தொங்கிய அவன் சடைகள், தலையைச் சிலுப்பும்போதெல்லாம் அலமாரியில் பட்டுக் கேசட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. போட்டுக் கேட்டால், பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"பிரதர்," என்று டெஸ்மண்ட் ஆங்கிலத்தில் கேட்டான், "உள்ளே யார் மீன் பொரிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் திகைத்தார்கள். நல்ல டேப் வேண்டும், கடையில் குரோம் டேப் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தேராவில் ஒரு கடை திறந்திராது. சாயங்காலம் ஆளாளுக்கு ஓட்டலில் டியூட்டி. இன்று விட்டால் இந்த மூன்று கட்சிகளையும் உலகம் முடிகிற கியாமத் நாளில்தான் ஒன்றாகப் பார்க்கலாம்.

கௌஸ் முகைதீன் சட்டைப் பையிலிருந்து தன் கேசட்டை எடுத்து நீட்டினார்.

பாலா வாங்கவில்லை. "இது அண்ணியிட கேசட் எல்லோ?"

"கேட்டாச்சு தம்பி. நான் பதிலு பேச வேண்டிய டேப்புதான். இந்த மொற எனக்குப் பதிலா நீங்க பாடுங்க. இதையே அவளுக்கு அனுப்பி வைக்கிறேன். 'யாரு மச்சான் இவன், தொண்டயில முள்ளு மாட்டுன மாதிரி கத்துறான்'னு கேப்பா."

"வேணாம் அண்ணன். இன்னொரு நாள் பாப்பம்."

"யல்லா, யல்லா! ஊரு தண்ணியில கெடக்கு, நீ இன்னொரு நாளுங்குறே."

அவரே மெஷினில் போட்டார். சிவப்புப் பொத்தானையும் அவரே அமுக்கினார்.

பாடினார்கள். தப்பு விழுந்தது. நிறுத்தின இடத்திலிருந்து மறுபடி பாடினார்கள், மறுபடி தப்பு விழுந்தது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அவள் என்ன சொன்னாள் என்பது கௌஸுக்கு மனப்பாடம். மல்லிகைக் கொடி போயிற்று, துப்பட்டி போயிற்று, பிரியாணி போயிற்று. அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தலையாட்டினார். கடைசியாக ஒரு தடவை எல்லாம் கூடி வந்தது. பகையாளிகள் மூன்று பேர் ஒரே மைக்கில் வாயை வைத்து, பாலா சொல்லிக்கொடுத்த ஒற்றைத் தமிழ் வரியை, 'கரை இருக்கு, கரை இருக்கு' என்று பாடினபோது, ஷட்டருக்கு வெளியே படுத்திருந்த பூனை எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

அன்று சாயங்காலமே கௌஸ் ஆர்டினரி டேப்புகளில் பிரதி எடுக்க உட்கார்ந்தார். சத்தம் வராமல் நாலு நாலாகப் பிரதி எடுக்கிற மெஷின் அது. பாட்டு முடிந்ததும் டக்கென்று வெட்ட மாட்டார். நல்ல தையற்காரன் தையலுக்கு ஓரம் விடுவது போல, முடிவில் கொஞ்சம் டேப்பை விட்டுத்தான் நிறுத்துவார். அது அவருடைய தொழில் சுத்தம். பிரதி எடுத்து முடித்ததும் குரோம் டேப்பை, ஊருக்குப் புறப்பட்ட அஹ்சன் என்பவரிடம் கொடுத்தனுப்பினார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. டாக்சியில் அது, சலூனில் அது, டீக்கடையில் அது. பாலைவனத்தில் ஒட்டகங்கள்கூட இரண்டாவது அடிக்குக் காலெடுத்து வைத்தன என்று சொன்னவர்கள் உண்டு. வாளி வாளியாகச் சில்லறை ஊருக்குப் போயிற்று.

ஒரு மதியம் கடையில் போன் அடித்தது. மதீனா பீவியின் தம்பி முகம்மது ரிபாய்.

"மச்சான்."

"ரிபாயா! லைன் வந்திரிச்சா? அல்ஹம்துலில்லா! அஹ்சன் வந்தாராடா? டேப்பு வந்துச்சா? ஒன் லாத்தா கேட்டாளா? என்னா சொன்னா?"

"டேப்பு வந்து சேந்துச்சு மச்சான்." ரிபாய் மூச்சு விடுவது கேட்டது. "யாருகிட்ட குடுக்குறதுன்னுதான் தெரியல."

புயலடித்த அன்றே நடந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றில் கிடந்து கத்தியிருக்கிறது. அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவள் மேல் மதில் விழுந்தது. அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி அடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. ஆடு பிழைத்துக்கொண்டது.

அப்படியென்றால் அந்த வெள்ளிக்கிழமை, அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினபோது, அவள் மண்ணுக்குள் இருந்தாள். அதற்குப் பிறகு கௌஸ் கடையைத் திறக்கவில்லை. ரூமில் அவரைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து, அல்லா கொடுத்தான், அல்லா எடுத்துக்கொண்டான் என்றார்கள். அவர் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மல்லிகைக் கொடியைக் கேட்டுப் பார்த்தார், துப்பட்டியைக் கேட்டுப் பார்த்தார். அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. எல்லாம் அவருடைய குரலிலேயே கேட்டது.

பாலா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "நான் மறிச்சிருக்க வேணும் அண்ணன்."

"நீ மறிச்சே தம்பி. நான்தான் கேக்கல." சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருஷம் ஒருத்தர் பேச்ச ஒருத்தர் அழிச்சிதான் பேசுனோம். அழிச்சா மறுபடி வரும்னு பழகிப்போச்சு."

ஊருக்கு டிக்கெட் எடுக்க அவர் டாக்சி பிடித்தது அதற்கும் சில வாரம் கழித்து. டிரைவர் கிழட்டுப் பட்டாணி. தாடி ஸ்டியரிங்கில் சிக்காமல் இருக்க அதை ஒரு தோளில் எடுத்துப் போட்டிருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கௌஸுக்குக் காதில் விழுந்தது. கரை இருக்கு, கரை இருக்கு. மூன்று பகையாளிகள், ஒரே மைக்.

"பந்த் கரோ பாய்," என்றார்.

நிறுத்தச் சொன்னதற்குப் பட்டாணி ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையைத் தூக்கினார். பொறு, முடியப் போகிறது, கடைசியில் ஒரு பொம்பளை வருவாள், அதைக் கேட்காமல் இறங்காதே என்று உருதுவில் சொன்னார். அவருக்கு அந்த இடத்துக்காகத்தான் பாட்டே.

டிரம்ஸ் நின்றது. கிடாரின் கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கியது. பிறகு கௌஸ் விட்டிருந்த ஓரம் வந்தது.

"—இரிங்க மச்சான், மீன்காரி வந்துட்டா. மிச்சத்த அப்பறமா சொல்றேன்."

சப்கா பஸ் நிலையத்துக்கு எதிரே வண்டி நின்றது. "க்யா போல்தீ ஹை, பாய்?" என்று பட்டாணி ஆசையாகத் திரும்பிக் கேட்டார். என்ன சொல்கிறாள் அவள்? நாலு பாஷைக்காரர்களிடம் கேட்டாகிவிட்டது, ஒருவரும் சொல்லவில்லை.

கௌஸ் முகைதீன் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். இன்னொரு கால் உள்ளே இருந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. டேப்பை நிறுத்த நீண்ட பட்டாணியின் கையை அவர் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டார். பேச்சு முடிந்த பிறகும் ஆர்டினரி டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கேயோ, எண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.