பயனர்கள்: பூஜ்யம்

மச்சானுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போனபோது, தெருவுக்கே நிம்மதி என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அவர் ஏலம் விடுகிறவர். கால் உடைந்த நாற்காலியைக்கூட இரண்டு பேர் சண்டை போட்டு வாங்கும்படி பேசுவார். அந்த வாய் மூடிக்கிடப்பதைப் பார்க்க அவருடைய தங்கைக்குப் பொறுக்கவில்லை. கணவனைப் பிடித்து உலுக்கினாள்.

"பேசுற சாப்ட்வேர், பேசுற சாப்ட்வேர்னு ராப்பகலா கட்டிக்கிட்டு அழுறீங்களே, எங்க அண்ணனுக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணினா குறைஞ்சா போயிடுவீங்க?"

கணவன் இன்ஜினியர். எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளைச் செய்கிற பெரிய நிறுவனத்தில் வேலை. போன், கணினி, லிஃப்ட் என்று வாய் திறக்கிற பொருள் எதிலும் அவர்கள் சரக்குதான். ஆனால் மச்சானுக்கு விரல்கள் நடுங்கும். போனின் கண்ணாடித் திரையில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுந்தது. ஆகவே, அழுத்தினால் அமுங்குகிற நிஜமான பொத்தான்கள் வைத்த கையடக்கக் கருவி ஒன்றை இன்ஜினியர் தேடிப் பிடித்தான். அதைத் தயாரித்த கம்பெனி மூடிவிட்டது. கருவிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து வந்தது, ரயில் தாமதத்தை அறிவிக்கிற பெண்மணியின் குரல். அந்தக் குரலில் மச்சான் தன் பழைய நக்கல்களையெல்லாம் அவிழ்த்துவிட்டார். ஒரே தொல்லை, அடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். "இவருக்கு முடி ரொம்பக் கொட்டுதுண்ணே" என்று ஒருநாள் தங்கை குறைப்பட்டாள். அதற்குள் பக்கத்து வீட்டம்மாள் வந்து உட்கார்ந்து, இறந்துபோன தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்கிய நேரத்தில், பெண்மணி தெளிவாக அறிவித்தாள்: "கொட்டுறதுக்கு அங்க என்ன இருக்கு?"

இப்படி வீடு மறுபடி கலகலப்பானபோதுதான் அலுவலகத்தில் அந்தப் பட்டியல் வந்தது. தலைப்பு, 'ஆதரவு நீக்கப்படும் கருவிகள்'. புதுக் குரலோடு வரப்போகும் அடுத்த பதிப்பு இவற்றில் ஓடுகிறதா என்று இனி யாரும் பார்க்கமாட்டார்கள் என்று பொருள்.

கூட்டத்தை நடத்திய மேலாளருக்குச் 'சதவீதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் எண்பது சதவீதம் தேவலை என்பார். கெட்டவர் அல்ல. மனிதர்களைக் கூட்டமாகப் பார்த்துப் பார்த்து, தனியாக ஒருவர் வந்து நின்றால் அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. திரையில் மச்சானின் கருவிக்கு நேரே எழுதியிருந்தது: 'பயனர்கள்: பூஜ்யம்.'

"சார், ஒருத்தர் இருக்கார். எங்க மச்சான்" என்றான் இன்ஜினியர்.

"மச்சானெல்லாம் டேட்டா ஆகமாட்டார்ப்பா."

"ஆள் எண்ணுற நம்ம புரோகிராம் அந்தக் கருவியில ஓடாது சார். அதனாலதான் பூஜ்யம் காட்டுது."

"அப்ப ஓட வையேன்."

"வைக்கிறேன். ரெண்டு வாரம் குடுங்க."

"யாருமே இல்லாத கருவிக்கு ரெண்டு வாரமா?"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் இதை நியாயம் என்று ஆட்டின. உலகத்தைப் படைத்தவர் இப்படி ஒரு கூட்டம் போட்டிருந்தால், இடக்கைக்காரர்கள் அன்றைக்கே பட்டியலில் ஏறியிருப்பார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை, ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். படைத்தவரும் எண்ணுகிறவர்தான். ஆனால் ஒவ்வொருவராக எண்ணுகிறார். அதனால் அவருக்குக் கூட்டம் போட நேரமில்லை.

அப்போது மூலையிலிருந்து சோதனை அக்கா பேசினார். எந்த மென்பொருளும் அவர் கையால் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே போகும்.

"தம்பி, கோவிச்சுக்காதே. நம்மகிட்ட இருந்த ஒரே கருவி பேட்டரி உப்பிக் கிடப்புல கிடக்கு. ஒவ்வொரு தடவையும் 'சரியா ஓடுது'ன்னு நான் பார்க்காமலேதான் டிக் போடுறேன். சாமி கும்பிடும்போது உறுத்துது. புதுக் குரலும் அந்தக் குட்டிப் பெட்டிக்குள்ள அடங்காது. ஓடும்னு பொய் சொல்றதுக்கு, ஓடாதுன்னு சொல்லிடலாம்ப்பா."

அது உண்மை. உண்மையோடு அவனால் மல்லுக்கட்ட முடியவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. புதிய பதிப்பு வெளியாகும் நாளில் எல்லாக் கருவிகளும் தாமாகவே அதை இறக்கிக்கொண்டு பழையதை அழித்துவிடும். மச்சானின் கருவியில் புதியது ஓடாது, பழையது இருக்காது.

"புதுசை அதுக்கு மட்டும் அனுப்பாம விட்டாப் போதும் சார். ஒரே ஒரு வரி."

"அனுப்பாம இருக்கிறதும் ஆதரவுதான்ப்பா. நீக்கின கருவியோட பேரு புரோகிராம் கோடுல எங்கயும் இருக்கக் கூடாது. அதுதான் பாலிசி."

வீட்டில் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "டாக்டர் அறுத்தது போதாதுன்னு நீங்க வேற அறுக்கப் போறீங்களா? இன்டர்நெட்டைப் பிடுங்கி வெச்சா?"

"பிடுங்கினா அவரால யாருக்கும் மெசேஜ் அனுப்ப முடியாது. அதுவும் வாய் போன மாதிரிதானே?"

யாரும் சாப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துப் பெண்மணி அறிவித்தாள்: "இந்தத் தடவையாவது மயக்க ஊசி போடச் சொல்லு மாப்ளே."

இரண்டு நாள் கழித்துச் சோதனை அக்கா இன்ஜினியரிடம் வந்தார். "உங்க மச்சானைக் கூட்டிட்டு வாயேன். இப்ப இருக்கிற பதிப்பை அவர் கருவியில ஓட்டிப் பார்க்கிறேன். போட்ட டிக்குல ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்."

மச்சான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வயர்கள் சுருண்டு கிடந்த சோதனை அறையில் அக்கா அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். வேறெதையோ தேடிக்கொண்டு சதவீதம் உள்ளே வந்தார்.

"யாருக்கா இது?"

"பூஜ்யம், சார்" என்றார் அக்கா.

சதவீதத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. மச்சான் வணக்கம் வைத்துவிட்டுப் பொத்தான்களை அழுத்தத் தொடங்கினார். விரல் நடுங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். சதவீதம் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, சுவரோரமாக நின்றுகொண்டார். ஒரு மனிதர் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்ததை அந்த அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

"பழைய ஆள் ஒண்ணு ஏலத்துக்கு" என்றது கருவி. "வாய் ரிப்பேர். மத்தபடி நல்ல கண்டிஷன். கேக்கறவங்க கேக்கலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் நிமிரவில்லை.

"ஒரு தரம்."

சதவீதத்தின் போன் அடித்தது. அவர் பார்க்காமலே அதை அணைத்தார்.

"ரெண்டு தரம்."

விரல் அடுத்த பொத்தானைத் தேடி நடுங்கியது.

"இருங்க, இருங்க!" சதவீதம் கையை நீட்டிவிட்டார். "ஏம்ப்பா, அந்த ஒரு வரியை எங்க போடணும்?"

"பேரு கோடுல இருக்கக் கூடாதுன்னீங்களே சார்" என்றான் இன்ஜினியர்.

"நான் ஆயிரம் சொல்லுவேன். நான் என்ன கடவுளா? போடுப்பா."

வந்த வேலையை மறந்து அவர் வெளியே போனார். பட்டியல் மாறவில்லை; 'ஆதரவு: நீக்கப்பட்டது' என்றே அச்சாகி எல்லோருக்கும் போனது. மச்சானும் பூஜ்யமாகவே இருந்தார். கோடில் மட்டும் ஒரு வரி கூடியது. அதன் பக்கத்தில் அக்கா ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: 'இதை வைத்துப் பேசுகிறவர்களைத் தொந்தரவு செய்யாதே.'

புதிய பதிப்பு வெளியான காலையில் வீட்டில் யாருக்கும் கருவியைத் தொட தைரியம் வரவில்லை. தங்கைதான் கடைசியில் எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள்.

"அண்ணே, ஏதாச்சும் பேசேன்."

மச்சான் அழுத்தினார். நின்றார். மறுபடி அழுத்தினார். இன்ஜினியர் கையில் செருப்போடு வாசலிலேயே நின்றான்.

"என்னத்தப் பேச?" என்றாள் பெண்மணி. "காலையிலேருந்து உன் வீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். ஆபீசுக்கு அனுப்பி வை."