தம்பி எழுதாத வரி

அமிர்தம் பொதுச் சூளையில் பதிந்திருந்த நாள் ரத்தாகிவிட்டது. ரத்து செய்தது அதே சூளையில் பானை சுடும் கோதண்டபாணியின் செல்போன். பெண்ணாடத்துக் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்க அவள் வார்த்து வைத்த குட்டிப் பிள்ளையார்கள் சுடப்படாமல் கிடந்தன.

"என் பாஸ்வேர்டை எப்படியோ களவாண்டுட்டாரு இந்த மனுசன்," என்றாள்.

"எம்மா, எனக்கு என் பாஸ்வேர்டே ஞாபகம் இருக்காது," என்றார் கோதண்டபாணி. யாரும் சிரிக்கவில்லை. மாலைக் கூட்டத்தில் அவரைச் சூளையிலிருந்து நீக்கிவிடுவதாகப் பேச்சு.

சூளைக்கு நாள் பதியும் இணையதளத்தை ஜாவாவில் எழுதியவன் வளவன். ஆடி மாதம் லாரி மோதி இறந்துபோனான். அவன் அக்கா பானுமதி சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள்; ஊருக்கு வந்திருந்தாள். "யாரு திருடினாங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லு. தம்பி செஞ்சதுல கொற இருக்காது," என்று சூளைக்காரர்கள் அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். அவளும் கோதண்டபாணியைத்தான் சந்தேகித்தாள். காரியத்தன்று அவர் தேவைக்கு மேல் அழுதது நெருடிக்கொண்டே இருந்தது.

அமிர்தத்தின் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய இணைப்பு இருந்தது: "இதுல போய் நாள் பிடிச்சுக்க." முகவரியின் வாலில் நீளமான ஓர் எண். வந்திருப்பது இன்னார் என்று நினைவில் வைக்க, திறக்கும் ஒவ்வொருவருக்கும் தளம் தருகிற அடையாள எண் அது. ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள்.

தன் போனில் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்காமல் தளத்தை வெறுமனே திறந்து, அந்த முகவரியை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். அங்கே அதைத் திறந்து தம்பியின் பெயரில் நுழைந்தாள்; அவன் பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியும். பிறகு தன் போனில் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

"வணக்கம், வளவன்" என்றது திரை.

மறுபடி செய்தாள். அதேதான். பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்ததும் பழைய எண்ணைத் தூக்கிப்போட்டுப் புதிது தரவேண்டும்; தம்பி அந்த வரியை எழுதவில்லை. அமிர்தம் நுழைந்தபோது, அதே எண்ணை வைத்திருந்த கோதண்டபாணியின் போனும் அமிர்தமாகிவிட்டது. மேலே இருந்த பெயரைக் கவனிக்காமல், நாம் பதியாத நாள் நிற்கிறதே என்று மனிதர் ரத்து செய்திருக்கிறார்.

வரியைச் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். தம்பியின் பெயர் அப்படியே இருக்கும். கோதண்டபாணி திருடனாகவே இருப்பார்.

"தப்பு எங்க தம்பியோடது," என்றாள் கூட்டத்தில்.

அமிர்தம் எழுந்துவிட்டாள். "அவரு உனக்கு என்னா குடுத்தாரு? செத்த புள்ள மேல பழி போட வந்துட்ட!"

"நீங்களே செஞ்சு பாருங்கக்கா."

கோதண்டபாணி தளத்தைத் திறந்து, இணைப்பை அனுப்பினார். அமிர்தம் ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினாள். பானுமதி அவர் போனைப் புதுப்பித்துத் திருப்பிக் காட்டினாள்.

"வணக்கம், அமிர்தம்."

"நானா?" என்றார் கோதண்டபாணி.

அமிர்தம் இரண்டு போன்களையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப வளவனுக்கு இது தெரியாமப் போச்சா?"

"தெரியாமப் போச்சுக்கா. இருந்திருந்தா அவனே சரி பண்ணியிருப்பான். கொஞ்சம் நவுருங்க, நான் பண்றேன்."