ஒரே ஒரு சுவர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதலாகச் செய்துவந்த மாபெரும் தவறு ஒன்று, காட்டோரத்து ஓடைக்கரையில் திருத்தப்பட்டுவிட்டது. சுவர் ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் ஒரு கட்டடக் கலைஞர். வீட்டில் அவருக்கு மேதை என்று பெயர். சிறுவயதில் கேலியாக வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஒழிக்கப்பட்டது அவருடைய அக்காவின் சுவர். அக்கா ஓவியர். ஆளுயரத் துணியைச் சுவரில் ஆணியடித்துப் பரப்பி, பட்டைத் தூரிகையால் அழுத்தி அழுத்தித் தீட்டுவாள். மரச்சட்டத்தில் நிறுத்தினால் இரண்டு இழுப்பில் ஆட்டம் கண்டுவிடும். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டி வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் வாடகை வீட்டுக் குளியலறையை ஒட்டிய சுவரில், வீட்டுக்காரனின் முணுமுணுப்புக்கு நடுவே வரைந்து காலம் தள்ளியவள். வேலையை விட்டபோது வந்த பணத்தைப் போட்டு அந்த ஓடைக்கரை நிலத்தை வாங்கினாள். ஒரு பட்டறை, படுக்க ஓர் அறை. தம்பியிடம் கேட்டது ஒன்றுதான்: ஜன்னல் இல்லாத ஒரு முழுச் சுவர்.

மேதை சரி என்றார். பிறகு ஓடைக்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். இந்த மாதிரி ஆட்கள் கண்ணை மூடினால் அடுத்தவர் தலையில்தான் வந்து விடியும். எழுந்து வந்தவர், இடம் தம்மோடு பேசியதாகவும், சுவர் வேண்டாமென்று சொன்னதாகவும் தெரிவித்தார். இடத்துக்குச் சொந்தக்காரி அதைவிடத் தெளிவாகப் பேசியது அவர் காதில் ஏறவில்லை.

அக்கா மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோது எதிரே நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டி. பட்டறை கண்ணாடி, படுக்கையறை கண்ணாடி. கழிப்பறைக்கு மட்டும், போனால் போகிறதென்று, மூங்கில் தட்டி. நாலு பக்கமும் வெயில் புகுந்து வண்ணத்தைத் தட்டிலேயே காயவைத்தது. தரையில் விரித்து வரைந்து பார்த்தாள், முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு நூலகத்துக்கு வரைந்து தருவதாக ஒப்புக்கொண்ட பெரிய படம், வெறும் துணிச் சுருளாக மூலையில் கிடந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். சுவர் என்பது மனத்தடை என்றார் மேதை. மனத்தடையில் ஆணி இறங்காது என்றாள் இவள். அவர் காதில் வாங்காமல் நல்ல செய்திக்குத் தாவினார்: கட்டடத்தை ஒரு விருதுக்கு அனுப்பியிருக்கிறார், நடுவர்கள் வருகிறார்கள், அன்றைக்கு அந்தத் துணிச் சுருளையும் வண்ண டப்பாக்களையும் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். ஓவியரின் பட்டறையில் ஓவியச் சாமான் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம்.

அக்கா போனை வைத்தாள். கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை பெயிண்ட் வாங்கி வந்தாள். தம்பி கப்பலில் ஒரே துண்டாக வரவழைத்திருந்த நீளப் பக்கத்துக் கண்ணாடியை, ஓர் இலைகூட வெளியே தெரியாதபடி மேலிருந்து கீழ்வரை அடித்தாள். அன்று அவள் கை போட்ட ஒவ்வொரு இழுப்பிலும் பள்ளிக்கூடம், வீட்டுக்காரன், தம்பி எல்லோருக்கும் பங்கு இருந்தது.

நடுவர்களோடு வந்த மேதை வெள்ளையைப் பார்த்தார். முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அக்காவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கே? என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டிட்டு இருக்கியா?"

"என் மானத்தை ஊரே பாக்குற மாதிரி கண்ணாடியில கட்டி வச்சவன் நீ. உன் மானத்தைப் பத்திப் பேசாதே. நான் கேட்டது ஒரு சுவர்டா."

அதற்குள் மூத்த நடுவர் அந்த வெள்ளையின் முன் நின்று அபாரம் என்றுவிட்டார். இத்தனை கண்ணாடிக்கு நடுவே இப்படி ஒரு மறுப்பு வைக்கத் துணிச்சல் வேண்டும் என்றார். மேதை மூச்சு விடும் நேரத்தில் கட்சி மாறினார். தம் கற்பனையின் முதுகெலும்பே அந்தச் சுவர்தான் என்றார். ஓவியருக்குச் சுவர்தான் தாய்மடி என்றார். பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் அவர் வியாதி. அக்கா வேலை செய்யும் விதத்தைத் தாமே காட்டுவதாகச் சொல்லி, மூலையில் கிடந்த சுருளை விரித்துப் பிடித்து, சுத்தியலை எடுத்தார்.

"டேய், அது கண்ணாடி" என்றாள் அக்கா.

"சுவர்க்கா" என்றார் மேதை, நடுவர்களைப் பார்த்துச் சிரித்தபடி. ஆணியை ஓங்கி அடித்தார்.

மொத்தப் பக்கமும் கல்லுப்பு மூட்டையை அவிழ்த்ததுபோலத் தரையில் இறங்கியது.

விருது ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் போனது. உடைந்த பக்கத்தில் இப்போது செங்கல் சுவர் இருக்கிறது.